சொரியாசிஸும் தோலின் கொழுப்புச் சுவரும்

மலேசியாவின் கேமரன் மலையில் சொரியாசிஸை மறைத்து வைப்பது சுலபம். தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர். பிரிஞ்சாங் இன்னும் உயரம். காலைப் பனி விலகுமுன் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, ரப்பர் பூட்ஸ், செடியின் ஈரம் இடுப்பில் இறங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு என்று உடம்பை மூடிக்கொண்டுதான் சரிவில் ஏறுகிறார்கள். தாப்பாவிலோ ஈப்போவிலோ அரைக்கைச் சட்டை போட்டவரின் முழங்கையில் இருக்கும் வெள்ளிச் செதில், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கண்ணில் பட்டுவிடும். மலையில் படாது. ஆனால் மூடிய தோலில் வெயிலும் படாது. சொரியாசிஸுக்கு வெயில் மருந்து என்பதால், வெட்கத்தைக் காக்கும் அதே முழுக்கைச் சட்டை நோயையும் காக்கிறது.

வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே பாயில் படுத்தால் வராது. உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மலேசியாவில் தோல் மருத்துவர்கள் 2007 முதல் சொரியாசிஸ் நோயாளிகளுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் நம்மவர் கவனிக்க வேண்டிய சேதி ஒன்று உண்டு. நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய 7 விழுக்காடாக இருக்கும் இந்தியர்கள், பதிவேட்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான பங்கு வகிக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளை யார் அதிகம் நாடுகிறார்கள் என்பதையும் இந்தக் கணக்கு ஓரளவு காட்டும். எல்லாவற்றையும் இரத்தத்தின் மேல் போட்டுவிட முடியாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசம் அல்ல இது.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அது சரிதான். ஆனால் தோலில் இருக்கும் கொழுப்பைப் பற்றி யாரும் நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் களிம்புகளில் "இது வெறும் ஈரப்பசைக்கு" என்று சொல்லிக் கொடுக்கப்படும் டப்பாதான் முதலில் மூலைக்குப் போகிறது. அப்படிப் போகக் கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

நம் தோலின் வெளிப்பரப்பு செத்த செல்களால் ஆனது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் பதினைந்து, இருபது அடுக்குதான். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இவ்வளவு மெல்லிய படலம் உடம்பின் நீரை உள்ளே வைத்துக்கொண்டு வெளியிலிருந்து கிருமியும் ரசாயனமும் வராமல் தடுப்பது எப்படி? கலிபோர்னியாவைச் சேர்ந்த தோல் ஆய்வாளர் பீட்டர் இலையாஸ் இதைச் செங்கல் சுவர் என்று விளக்கினார். செத்த செல்கள் செங்கல். இடையில் பூசியிருக்கும் சாந்துதான் லிப்பிடு எனப்படும் கொழுப்புப் பொருள்கள். அந்தச் சாந்தில் எடைக்கு ஏறக்குறைய பாதி செரமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். முகத்தில் வழியும் எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது மயிர்க்கால் அருகிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. இந்தச் சாந்தைத் தோல் செல்களே உயிரோடிருக்கும் கடைசி நேரத்தில் சிறு பொதிகளாகக் கட்டி, தங்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் கொட்டிவிட்டுச் சாகின்றன. கொட்டப்பட்ட பிறகு நொதிகள் அதைப் பக்குவப்படுத்தி, படலம் படலமாக அடுக்குகின்றன. இந்த நொதிகளில் முக்கியமானவை நன்றாக வேலை செய்ய, தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு, அமில அளவு (pH) 5க்கு அருகில் இருக்க வேண்டும். சோப்பைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய 1929ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மாவுச்சத்தும் புரதமும் வைட்டமின்களும் குறைவில்லை. ஆனாலும் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தன. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பைச் சிறிதளவு சேர்த்ததும் தோல் தேறியது. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத, உணவில்தான் வந்தாக வேண்டிய கொழுப்பு அமிலம் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். ஏன் தோலில் முதலில் தெரிந்தது என்பதற்கு விடை பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்தது. தோல் சாந்திலுள்ள மிக நீளமான செரமைடு ஒன்று லினோலெயிக் அமிலத்தைத் தன் வாலில் சுமக்கிறது. படலங்களை ஒன்றோடொன்று பிணைப்பது அந்தச் செரமைடுதான். அது இல்லாவிட்டால் தோல் வழியாக நீர் கசியும். அந்த எலிகளுக்கு எடுத்த தாகம் அதனால்தான்.

இனி சொரியாசிஸ் படைக்கு வருவோம். ஒரு செதிலை நகத்தால் மெல்லப் பெயர்த்துப் பார்த்தால் மெழுகுப் பொடிபோல் உதிரும். கடைசிச் சவ்வும் வந்ததும் அடியில் ஊசிமுனை அளவுக்கு இரத்தப் புள்ளிகள் துளிர்க்கும். தோல் டாக்டர்கள் நோயை அடையாளம் காணும் பழைய குறி அது. (நோயாளிகள் இதைச் செய்து பார்க்க வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.) சாதாரணத் தோலில் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் படையில் நாலைந்து நாளில் வந்துவிடுகிறது. கருவைக் கூடக் கழற்றாமல், பாதிப் பக்குவத்தில் வருகிறது. சாந்துப் பொதிகளைக் கட்டி முடிக்க அதற்கு அவகாசமில்லை.

1993இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சொரியாசிஸ் செதில்களைச் சேகரித்து அவற்றின் செரமைடுகளை வகைபிரித்தார்கள். லினோலெயிக் அமிலம் சுமக்கும் அந்தச் செரமைடும் வேறு சிலவும் குறைந்திருந்தன. 1996இல் இலையாஸின் குழு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோய் தீவிரமாக இருக்கும் இடத்தில் சாந்துப் பொதிகள் குறைவாக இருந்தன, படலங்கள் ஒழுங்காக அமையவில்லை, நீர்க்கசிவு அதிகமாக இருந்தது. படை தடித்துத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தடிப்பு ஒரு பாதுகாப்பும் தருவதில்லை. நோயாளி "தோல் இவ்வளவு தடிச்சிருக்கு, ஆனா சோப்பு பட்டாலே எரியுது" என்று சொன்னால் அது மிகச் சரியான கவனிப்பு.

சுவர் இடிந்ததால் எதிர்ப்பு மண்டலம் பொங்கியதா, எதிர்ப்பு மண்டலம் பொங்கியதால் சுவர் இடிந்ததா? இரண்டுக்கும் சான்று உண்டு. ஐ.எல்-17, ஐ.எல்-23 என்ற சமிக்ஞைப் புரதங்களை ஊசி மருந்தால் அடக்கினால் தோல் தெளிகிறது. சுவரும் தானே எழுகிறது. அந்த வகையில் எதிர்ப்பு மண்டலமே தலைமைக் குற்றவாளி. ஆனால் 2009இல், தோலின் மேலடுக்கைக் கட்டும் சில மரபணுக்கள் விடுபட்டுப் போனவர்களுக்கு சொரியாசிஸ் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டில், ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்தது இது: நோயாளியின் நல்ல தோலில் கீறல், உரசல், தீக்காயம் எது பட்டாலும் அந்த இடத்தில் புதிதாக சொரியாசிஸ் கிளம்பலாம். செதிலைப் பெயர்க்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். சுவரில் ஓட்டை விழுந்தால் தோல் செல்கள் அபாயச் சமிக்ஞைகளை விடுகின்றன. அவை எதிர்ப்புச் செல்களை அழைக்கின்றன. வந்தவை செல்களை இன்னும் வேகமாகப் பெருகச் சொல்கின்றன. வேகத்தில் சாந்து இன்னும் குறைகிறது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னொரு கண்ணியையும் காட்டினார்கள். தோலிலுள்ள ஒரு நொதி கொழுப்புகளை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட கொழுப்புத் துண்டுகளையே சொரியாசிஸ் நோயாளிகளின் டி-செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குகின்றன. எதிர்ப்பு மண்டலம் புரதங்களை மட்டும்தான் குறிவைக்கும் என்று படித்தவர்களுக்கு இது பெரிய திருப்பம்.

மலைக்குத் திரும்புவோம். கேமரன் மலையின் காற்று குளிர்ந்தது, ஆனால் வறண்டதல்ல. ஈரப்பதம் எப்போதும் அதிகம். ஐரோப்பியக் குளிர்காலம்போல் காற்றே தோலை உறிஞ்சுவதில்லை. இங்கே கேடு குளியலறையில் இருக்கிறது. இரவில் வெப்பம் 15 பாகைக்கும் கீழே இறங்கும் ஊரில் ஆவி பறக்கும் வெந்நீர் இல்லாமல் யாரும் குளிக்க மாட்டார்கள். வேலை முடிந்து வந்து, தேயிலைக் கறையும் மண்ணும் போக, துணி சோப்பையே உடம்புக்கும் போட்டுத் தேய்ப்பவர்களைத் தோட்டத்தில் பார்க்கலாம். வெந்நீர் சாந்திலுள்ள கொழுப்பை இளக்குகிறது, சோப்பு அதை அள்ளிக்கொண்டு போகிறது. அதோடு காரத்தன்மையுள்ள சோப்பு, செரமைடைப் பக்குவப்படுத்தும் நொதிகளுக்குத் தேவையான அமிலச் சூழலையும் சில மணி நேரத்துக்குக் கெடுத்துவிடுகிறது. இதற்கு மேல் கூடைப்பட்டை தோளில் உரசும் இடம், பூட்ஸ் விளிம்பு கெண்டைக்காலைத் தேய்க்கும் இடம். கோப்னர் சொன்ன உரசல்கள் இவையே.

வெயில் இன்னொரு பிரச்சினை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூட புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடும் என்பது பொது விதி. ஆனால் மேகமும் மூடுபனியும் பாதி நாள் மறைக்கும் மலையில் அந்தக் கணக்கு கைகொடுப்பதில்லை. கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடலுக்கு உலகெங்குமிருந்து சொரியாசிஸ் நோயாளிகள் போவது, அங்கே தோல் கருகாமல் நெடுநேரம் வெயிலில் கிடக்கலாம் என்பதால். அந்த வெயிலின் வேலையை மருத்துவமனையில் 311 நானோமீட்டர் புற ஊதா விளக்கு செய்கிறது. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை, பல வாரங்கள் நிற்க வேண்டும். தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கால்சோம் மருத்துவமனை இருந்தாலும், தோல் மருத்துவ நிபுணரிடம் காட்ட ஈப்போவுக்கு இறங்குவதுதான் வழி. வாரத்தில் மூன்று நாள் சம்பளத்தை விட்டு மலையிறங்க எந்தத் தோட்டத் தொழிலாளியால் முடியும்? இன்று கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். அவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆகவே, வீட்டிலேயே தினமும் செய்யக்கூடிய சிகிச்சைக்கு இந்த மலையில் இருக்கும் மதிப்பு கோலாலம்பூரில் இருப்பதைவிட அதிகம்.

அந்தச் சிகிச்சை, சுவருக்குக் கொழுப்பைத் திருப்பிக் கொடுப்பது. எதைக் கொடுப்பது என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன. 1990களில் இலையாஸும் கென்னத் ஃபைன்கோல்டும் எலித் தோலில் சோதித்தபோது, செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றில் ஒன்றை மட்டும் பூசினால் தோல் ஆறுவது தாமதமானது. மூன்றையும் சரியான அளவில் சேர்த்துப் பூசினால் ஒழுங்காக ஆறியது. செரமைடு கிரீம்களின் அறிவியல் அடிப்படை அதுதான். அவை விலை கூடியவை. ஆனால் எந்த மருந்தகத்திலும் மலிவாகக் கிடைக்கும் பெட்ரோலியம் ஜெல்லி, வெறும் மூடியாக மேலே கிடப்பதில்லை. மேலடுக்கின் சந்துகளுக்குள் இறங்கி, அடியில் சுவர் எழ இடம் கொடுக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பிசுபிசுப்பு ஒன்றே அதன் குறை.

சமையலறை எண்ணெய்களில் வித்தியாசம் உண்டு. 2013இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் பெரியவர்களின் கையில் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசிப் பார்த்தார்கள். தோலரண் பலவீனமாகி லேசாகச் சிவந்தது; சூரியகாந்தி எண்ணெய் பூசிய கைக்கு அப்படி ஆகவில்லை. ஆலிவில் ஓலெயிக் அமிலம் மிகுதி, அது படலங்களைக் கலைக்கிறது; சூரியகாந்தியில் லினோலெயிக் மிகுதி. நல்லெண்ணெயில் இரண்டும் ஏறக்குறைய சமம். தேங்காயெண்ணெயில் லினோலெயிக் மிகக் குறைவு என்றாலும், வறண்ட தோலை மென்மையாக்குவதில் அது கனிம எண்ணெய்க்குச் சளைத்ததல்ல என்று பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வு காட்டியது. செம்பனை எண்ணெயைச் சமையலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அக்வஸ் கிரீம் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் முறைப்படி செய்யப்படும் இந்த வெள்ளை கிரீமில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற சோப்புப் பொருள் கலந்திருக்கும். 2010இல் பாத் பல்கலைக்கழகத்தில், நல்ல தோலுள்ளவர்கள் நாலு வாரம் பூசியதிலேயே தோலின் மேலடுக்கு மெலிந்து நீர்க்கசிவு கூடியது. சோப்புக்குப் பதிலாக அதைத் தேய்த்துக் கழுவிவிடலாம். பூசி விட்டுவைக்கக் கூடாது.

வெட்பாலைத் தைலத்தைச் சொல்லாமல் தமிழில் சொரியாசிஸ் கட்டுரை முடியாது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் பச்சை எண்ணெய் சில நாளில் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாக மாறும். காளாஞ்சகப்படை என்று தான் அழைக்கும் சொரியாசிஸுக்குச் சித்த மருத்துவம் இதை வெகுகாலமாகத் தருகிறது. இந்த நிற மாற்றத்தில் வேதியியல் இருக்கிறது. வெட்பாலை இலை நீலச்சாயம் தரும் இலை. அதில் இண்டிரூபின் போன்ற சாயக் கூறுகள் உண்டு. அவுரி வகைச் செடிகளிலிருந்து எடுக்கும் இதே சாயப் பொடியைக் களிம்பாக்கி, தைவானின் சாங் குங் மருத்துவமனையில் சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்து, 2008இல் நல்ல பலனை வெளியிட்டார்கள். இண்டிரூபின் தோல் செல்லில் ஏ.எச்.ஆர் என்ற ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. அது எழுந்தால் சுவர் கட்டும் மரபணுக்கள் முடுக்கப்படும். நூறாண்டாக டாக்டர்கள் தந்துவரும் நிலக்கரித் தார் களிம்பும் அதே ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது என்று 2013இல் தெரிந்தது. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாபினாரோஃப் என்ற புதிய கிரீமுக்கும் அதே இலக்கு. ஆக, நம் பாட்டன் முப்பாட்டன் வெயிலில் வைத்த எண்ணெய்க்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் வெட்பாலைத் தைலத்துக்குப் பெரிய, கறாரான மருத்துவச் சோதனைகள் இன்னும் நடக்க வேண்டும். லேசான நோய்க்கு, டாக்டருக்குத் தெரிவித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

பெயர் இல்லாத சூரணமும் மாத்திரையும் வேறு விஷயம். "ஒரே வாரத்தில் குணம்" என்று விற்கப்படுபவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். சொரியாசிஸ் உள்ளவர் ஸ்டீராய்டை விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு முழுதும் சிவந்தோ சீழ்க்கொப்புளம் பொங்கியோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

தோலின் கொழுப்பு குறையும் இதே நோயாளிகளுக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பது வழக்கம். கடும் சொரியாசிஸ் உள்ள இளவயதினருக்கு மாரடைப்பு அபாயம் அதிகம் என்று 2006இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் காட்டினார்கள். மலேசியப் பதிவேட்டிலும் உடல்பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவை சொரியாசிஸோடு சேர்ந்தே வருகின்றன. தோலில் தொடங்கும் அழற்சி தோலோடு நிற்பதில்லை. சில மருந்துகளும் கொழுப்பை ஏற்றும். அசிட்ரெட்டின் டிரைகிளிசரைடை உயர்த்தும், அதனால் இரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்கு அந்த மருந்து ஆகாது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மருந்து. தினம் போட்டால் உயிரைக் குடிக்கும். அதோடு சம்சுவும் பீரும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது. குடி சொரியாசிஸையும் கிளறிவிடும் என்பது தனிச் சேதி.

செய்ய வேண்டியது இவ்வளவு. வெந்நீரை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் குளித்து முடியுங்கள். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் ஜெல்லியையோ நல்ல கிரீமையோ தாராளமாகப் பூசுங்கள். உடம்பெங்கும் பரவியவருக்கு வாரத்துக்கு அரைக் கிலோ வரை தேவைப்படும். சுண்டுவிரல் நுனியில் தொட்டுத் தடவினால் போதாது. செதில் தடித்திருந்தால் சாலிசிலிக் களிம்பு அதை இளக்கும், மற்ற மருந்து உள்ளே இறங்கும். ஆனால் ஒளிச் சிகிச்சைக்குப் போகும் நாளில் அதைப் பூசக் கூடாது, கதிரைத் தடுத்துவிடும். மேகம் விலகும் நேரத்தில் முழுக்கையை மடித்துவிட்டுச் சிறிது நேரம் வெயில் வாங்குங்கள், தோல் சிவக்கும்வரை அல்ல. காலையில் எழும்போது விரல் மூட்டோ முதுகோ இறுகி வலித்தால், நகம் குழிவிழுந்தால், களிம்போடு காலம் தள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள்; நோய் மூட்டைத் தொட்டிருக்கலாம், மூட்டு ஒருமுறை கெட்டால் திரும்பாது.

தோட்ட நிர்வாகங்களுக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறையாவது தோல் மருத்துவர் ஒருவர் மலைக்கு வரட்டும். தோட்டக் கிளினிக்குகளில் ஐம்பது கிராம் டியூபுக்குப் பதிலாக அரைக் கிலோ டப்பாவில் களிம்பு கொடுங்கள்.